வேதாகம விளக்க நூல்கள்: முதலில் எதை வாங்குவது, எதைத் தள்ளி வைப்பது?

"வேதாகமத்தைப் புரிந்து படிக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள்" என்று சபையில் யாராவது கேட்டால் நான் உடனே பெயர் சொல்வதில்லை. எந்த வசனத்தில் போய் நின்றுவிட்டீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பதில் வந்தால் புத்தகம் சொல்வது சுலபம். "எல்லாமே தெரிஞ்சுக்கணும்" என்றால் இன்னும் ஒரு வாரம் படித்துவிட்டு வாருங்கள் என்பேன்.

இப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் பெரிய வகுப்பு எடுக்க ஆரம்பித்த புதிதில், விளக்கம் என்றால் பெரிய புத்தகம்தான் என்று நினைத்து நான் வாங்கியது, பக்கத்துக்குப் பக்கம் ஹைடெக்கர், கடாமர் என்று ஜெர்மன் தத்துவ அறிஞர்கள் வரும் ஒரு நூல். நாற்பது பக்கம் தாண்டவில்லை. போன பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருந்தது: இந்தத் துறையே நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை என்று முடிவு கட்டி இரண்டு வருஷம் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன். அது தவறான முடிவு. புத்தகமும் நல்ல புத்தகம்தான், அது பதில் சொல்லும் கேள்வி என்னிடம் அப்போது இல்லை, அவ்வளவுதான். இன்னொருவருக்கு அந்த இரண்டு வருஷம் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: கேள்வியை எழுதுங்கள்

ஒரு நோட்டு எடுத்து, வேதம் வாசிக்கும்போது தடுக்கி நிற்கும் இடத்தையெல்லாம் இரண்டு வாரம் குறித்து வையுங்கள். வசன எண், பக்கத்தில் கேள்வி, போதும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கேள்விகள் தாமாகவே இரண்டு குவியலாகப் பிரிந்திருக்கும்.

137-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் இவ்வளவு கொடூரமாக ஏன் இருக்கிறது, நியாயாதிபதிகள் புத்தகத்தில் ஒருவர் செய்தது எழுதப்பட்டிருப்பதாலேயே நாமும் அதைச் செய்யலாமா, ஒரே வசனத்தை இரண்டு போதகர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்களே எதை ஏற்பது. இவை எல்லாம் "எப்படிப் படிப்பது" என்ற கேள்விகள். கவிதையைக் கவிதையாகவும் கதையைக் கதையாகவும் கடிதத்தைக் கடிதமாகவும் படிக்கத் தெரிந்தால் பாதி தீர்ந்துவிடும். இதற்கு அறிமுக நூல்தான் வேண்டும்.

மாற்கு 16-ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரை சில பதிப்புகளில் ஏன் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, ஓசியா 11:1 இஸ்ரவேலைப் பற்றிச் சொன்னதை மத்தேயு 2:15 எப்படி இயேசுவுக்குப் பொருத்துகிறது. இவை வேறு வகை. முதல் கேள்விக்குக் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி அறிந்தவர் வேண்டும். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் பிரதிகள் இரண்டிலும் அந்தப் பன்னிரண்டு வசனங்கள் இல்லை, அதிலிருந்துதான் விவாதமே தொடங்குகிறது. இரண்டாவது கேள்விக்குப் புதிய ஏற்பாடு பழைய ஏற்பாட்டை எடுத்தாளும் முறையை மட்டுமே ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பீல், கார்சன் இருவரும் தொகுத்து 2007-இல் வந்த விளக்கவுரை அந்த ஒரு விஷயத்துக்காகவே ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஓடுகிறது. இந்தக் குவியலுக்குத்தான் சிறப்பு நூல்.

எல்.கே.ஜி. முடித்து யூ.கே.ஜி. போவது போல அறிமுக நூல் முடிந்ததும் சிறப்பு நூலுக்குப் போயே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அறிமுக நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். சிறப்பு நூலைக் கேள்வி இருக்கும்போது திறந்து, வேண்டிய அதிகாரத்தைப் படித்துவிட்டு மூடலாம். பத்து வருஷம் நன்றாகப் பிரசங்கம் செய்கிறவர் அலமாரியில்கூட முழுதாகப் படிக்காத சிறப்பு நூல்கள் இருக்கும், அதில் தவறே இல்லை.

இரண்டாம் படி: அலமாரியில் என்னென்ன கலந்து கிடக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

கிறிஸ்தவப் புத்தகக் கடையில் "வேத ஆராய்ச்சி" என்று ஒரே அலமாரி இருக்கும், அதில் நான்கு வகை கலந்திருக்கும். வாசிக்கும் முறையைச் சொல்லித் தருபவை ஒன்று. இதைத்தான் ஹெர்மனூட்டிக்ஸ் என்றும் நம் இறையியல் கல்லூரிகளில் பொருள்கோளியல் என்றும் சொல்வார்கள். வசனம் வசனமாகப் பொருள் சொல்லும் விளக்கவுரைகள் இரண்டாவது. அகராதி, ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய நூல், வரைபடம் போன்ற கருவி நூல்கள் மூன்றாவது. ஒரு வாசகம் பொருள் தருவது என்றாலே என்ன, எழுதியவர் நினைத்ததா, வாசிப்பவர் காண்பதா என்று அடிப்படையைத் தோண்டும் தத்துவ நூல்கள் நான்காவது. 1980-இல் வந்த ஆன்டனி திசல்டனின் 'தி டூ ஹொரைசன்ஸ்', 1998-இல் வந்த கெவின் வான்ஹூசரின் 'இஸ் தேர் எ மீனிங் இன் திஸ் டெக்ஸ்ட்?' இரண்டும் இந்த நான்காவது வகை. இரண்டும் மதிப்புள்ளவை, ஆனால் அடுத்த ஞாயிறு வகுப்பு எடுக்க வேண்டியவர் கையில் முதலில் இருக்க வேண்டியவை அல்ல.

புதிதாக வருகிறவர் பெரும்பாலும் நேரே இரண்டாவது வகைக்கு, அதாவது விளக்கவுரைக்குப் போய்விடுகிறார். வசனத்தைத் திறந்தால் பதில் கிடைக்கிறதே! ஆனால் முறை தெரியாமல் விளக்கவுரை வாங்கினால், அதை எழுதியவர் சொன்னது சரியா என்று பார்க்க உங்களிடம் அளவுகோல் இருக்காது. இன்னொரு விளக்கவுரை வேறு விதமாகச் சொன்னால் எது பிடித்திருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வோம். அதனால்தான் முதல் வகையிலிருந்து ஒன்று, ஒன்றே ஒன்று, முதலில்.

'இன்ட்ரொடக்ஷன்' என்ற சொல்லை நம்பாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், இதில் ஏமாந்தவர்கள் அதிகம். எங்கள் சபைத் தம்பி ஒருவர் ஆசையாக ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் வாங்கி வந்து, ஒரு மாதம் கழித்து, "அண்ணா, தலைப்பிலேயே இன்ட்ரொடக்ஷன்னு போட்டிருந்துச்சே, எனக்கு ஒண்ணுமே பிடிபடல" என்று முகம் வாடி வந்தார். அவர் மேல் தவறில்லை. வேதாகமத் துறையில் 'இன்ட்ரொடக்ஷன்' என்பது ஒரு தனிப் பாடத்தின் பெயர். ஒவ்வொரு வேதப் புத்தகத்தையும் யார் எழுதியது, எப்போது, யாருக்கு, எப்படித் தொகுக்கப்பட்டது, அறிஞர்கள் எங்கே முரண்படுகிறார்கள் என்பதுதான் அந்தப் பாடம். ரேமண்ட் பிரவுன் என்ற கத்தோலிக்க அறிஞர் 1997-இல் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய 'இன்ட்ரொடக்ஷன்' எண்ணூறு பக்கத்துக்கு மேல். பிரவர்ட் சைல்ட்ஸ் 1979-இல் பழைய ஏற்பாட்டுக்கு எழுதியதும் அந்தப் பெயரில்தான் வருகிறது, அது நேரடியாக அறிஞர்களோடு வாதம் நடத்தும் நூல்.

தலைப்பில் எது இருந்தாலும் முன்னுரையைப் படியுங்கள். யாருக்காக எழுதினேன் என்று ஆசிரியரே அங்கே சொல்லியிருப்பார். இறையியல் பட்ட வகுப்பு மாணவர்களுக்கு என்று இருந்தால் அது இரண்டாம் கட்டம். சபையில் வேதபாடம் நடத்துவோருக்கு, சாதாரண வாசகருக்கு என்று இருந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

ஒல்லியான புத்தகம் என்றால் எளிது என்பதும் சரியில்லை. டி.ஏ. கார்சன் 1984-இல் எழுதிய 'எக்ஸெஜெடிக்கல் ஃபாலஸீஸ்' கைக்கடக்கமான சிறு நூல், ஆனால் கிரேக்கம் கொஞ்சமாவது தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியது.

மூன்றாம் படி: தெரிந்த ஒரு வசனத்தை வைத்து உரசிப் பாருங்கள்

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். வசன அட்டவணை இருக்கும். இல்லை என்றாலே யோசிக்க வேண்டும். அதில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வசனத்தைத் தேடி அந்தப் பக்கத்தைப் படியுங்கள். நான் எப்போதும் தேடுவது எரேமியா 29:11. நம் வீடுகளில் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையாக, காலண்டராக, கல்யாண அழைப்பிதழாக வந்துகொண்டே இருக்கும் வசனம்: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்."

நல்ல அறிமுக நூல் இந்த வசனத்துக்கு என்ன செய்யும்? முதலில் உங்களை அதிகாரத்தின் தொடக்கத்துக்கு அழைத்துப் போகும். இது ஒரு கடிதம். கி.மு. 597-இல் எகோனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பியது. அப்புறம் முந்தின அதிகாரத்தைத் திருப்பச் சொல்லும். அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எரேமியா எழுதுவது அதற்கு நேர் எதிர். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் எடுங்கள், பெண் கொடுங்கள், எழுபது வருஷம் ஆகும். 11-ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்தில்தான் அந்த எழுபது வருஷம் இருக்கிறது, அட்டையில் அது வருவதில்லை. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்த முடிவைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, அப்படியானால் இன்று இதை நாம் எப்படிச் சொந்தமாக்கிக்கொள்வது என்று உட்கார்ந்து பேசும் நூல் நல்ல அறிமுக நூல். உடனே "தேவன் உங்கள் வாழ்க்கைக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறார்" என்று ஆரம்பித்துவிட்டால், ஆறுதல் தரும் தியான நூலாக இருக்கலாம், விளக்க முறையைக் கற்றுத் தராது.

சிறப்பு நூல் இதே வசனத்தில் வேறு வேலை செய்யும். எரேமியா புத்தகத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு எபிரெயத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சிறியது, அதிகார வரிசையும் வேறு; நம்முடைய 29-ஆம் அதிகாரம் அங்கே 36. 16 முதல் 20 வரை உள்ள வசனங்கள் அங்கே இல்லை. சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய எபிரெயச் சுருள் துண்டுகளில் ஒன்று அந்தச் சிறிய வடிவத்தோடு ஒத்துப் போகிறது. அப்படியானால் எது முந்தியது? இதற்கு மேல், "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் 'அஹரித்', 'திக்வா' என்று இரண்டு சொற்கள், நடுவில் நம் 'உம்' போன்ற ஒரு இணைப்பு. புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதை எதிர்காலம், நம்பிக்கை என்று இரண்டாகவே வைக்கிறது. இரண்டு சொல் ஒரே கருத்தா, இரண்டு கருத்தா என்று ஒரு தொழில்நுட்ப விளக்கவுரை ஒரு பக்கம் எழுதும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்கு இப்போது எது வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த எபிரெயச் செய்தியைப் படிக்கும்போது 'அட, இது தெரியணுமே' என்று மனம் இழுத்தால் நீங்கள் சிறப்பு நூலுக்குத் தயார். அனனியா விஷயமே புதிதாக இருந்தால் அறிமுக நூலோடு இன்னும் கொஞ்ச நாள் இருங்கள்.

கடையில் பார்க்க வேண்டிய இன்னும் சில: எபிரெய, கிரேக்கச் சொற்கள் அந்தந்த எழுத்திலேயே விளக்கமில்லாமல் இருக்கின்றனவா, நாம் வாசிக்கும் எழுத்தில் இருக்கின்றனவா, அடிக்குறிப்பு பக்கத்தில் பாதியை விழுங்குகிறதா, அதிகார முடிவில் பயிற்சி இருக்கிறதா. பயிற்சி இருப்பதை எடுங்கள்.

நான்காம் படி: ஒரே ஒரு அறிமுக நூல்

ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வாசிக்க முடிகிறவருக்கு நான் முதலில் சொல்வது கார்டன் ஃபீ, டக்ளஸ் ஸ்டூவர்ட் இருவரும் எழுதிய 'ஹவ் டு ரீட் தி பைபிள் ஃபார் ஆல் இட்ஸ் வொர்த்'. 1980-களின் தொடக்கத்தில் வந்தது, நான்காம் பதிப்பு 2014. அதன் பலம் அதன் அமைப்பு: நிருபங்கள், பழைய ஏற்பாட்டுக் கதைகள், அப்போஸ்தலர் நடபடிகள், சுவிசேஷங்கள், உவமைகள், நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசிகள், சங்கீதங்கள், ஞான நூல்கள், வெளிப்படுத்தல் என்று எழுத்து வகை வகையாகப் போகிறது. அன்று கேட்டவர்களுக்கு என்ன பொருள், இன்று நமக்கு என்ன பொருள் என்ற இரண்டு கேள்வியையும் கலக்காமல் அந்த வரிசையில் கேட்கப் பழக்குகிறது. ஃபீ அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் சபையில் அபிஷேகம் பெற்ற ஊழியராக இருந்தவர் என்பதை பெந்தெகொஸ்தே சபை நண்பர்களுக்குக் கூடுதலாகச் சொல்வேன், ஏனென்றால் இந்த மாதிரிப் படிப்பு ஆவியானவருக்கு எதிரானது என்ற பயம் சிலரிடம் இருக்கிறது.

இதைவிடக் கொஞ்சம் கனமாக, பாடநூல் போல வேண்டுமென்றால் கிரான்ட் ஆஸ்பர்னின் 'தி ஹெர்மனூட்டிக்கல் ஸ்பைரல்' இருக்கிறது, 1991. இலக்கணம், சொற்பொருள் தொடங்கி பிரசங்கம் தயாரிப்பது வரை போகும். முதல் புத்தகமாக வேண்டாம், இரண்டாவதாக அருமையானது.

கத்தோலிக்கராக இருந்தால் தொடங்கும் இடம் இன்னும் எளிது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965-ஆம் ஆண்டு இறைவெளிப்பாட்டு ஏட்டின் 12-ஆம் எண் ஒரு பக்கத்துக்குள் முறையைச் சொல்லிவிடுகிறது: ஆசிரியர் என்ன சொல்ல நினைத்தார், எந்த இலக்கிய வகையில் சொன்னார் என்று பாருங்கள், அதோடு விவிலியம் முழுவதின் ஒருமையையும் திருச்சபையின் மரபையும் விட்டுவிடாதீர்கள். பாப்பிறை விவிலியக் குழு 1993-இல் வெளியிட்ட ஆவணம், வரலாற்று முறை, கதையியல், விடுதலை நோக்கு, பெண்ணிய நோக்கு என்று எல்லா வாசிப்பு முறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து நிறை குறை சொல்கிறது. சிறப்பு நூல்களின் உலகம் எப்படி இருக்கும் என்று ஒரே இடத்தில் பார்க்க, கத்தோலிக்கர் அல்லாதவர்களும் படிக்க வேண்டியது.

ஆங்கிலம் வேண்டாம், தமிழில்தான் வேண்டும் என்பவர்கள் தயங்கவே வேண்டாம். 1858-இல் தொடங்கிய கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் தமிழில் இறையியல் நூல்கள் வெளியிட்டு வருகிறது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் 1969 முதல் தமிழிலேயே இறையியல் கற்பிக்கிறார்கள், அதனால் இந்தத் துறைக்குத் தமிழ்ச் சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. தமிழ் நூல் வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: உதாரணங்கள் தமிழ் வேதாகமத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றனவா, ஆங்கில மொழிபெயர்ப்பில் வரும் சிக்கலை அப்படியே தமிழில் போட்டிருக்கிறார்களா? இரண்டாவதாக இருந்தால் நமக்கு இல்லாத சிக்கலுக்கு மருந்து கொடுப்பார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஆங்கிலத்தில் 'யூ' என்றால் ஒருவரா பலரா என்று தெரியாது. அதனால் ஆங்கில நூல்கள், எரேமியா 29:11-இல் வருவது பன்மை என்று தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1871-இல் ஹென்றி பவர் குழு முடித்த, நம்மில் பலர் இன்றும் வைத்திருக்கும் மொழிபெயர்ப்பில் தேவன் ஒருவரோடு பேசினால் 'நீ', பலரோடு பேசினால் 'நீங்கள்'. "உங்கள்பேரில்" என்று வந்தாலே அது ஒரு கூட்டத்துக்குச் சொன்னது. ஆனால் இன்றைய காது அந்த 'உங்கள்' என்பதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, எனக்கு ஒருவனுக்குச் சொன்னதாகக் கேட்கிறது. இது தமிழ் வாசகரின் சிக்கல், இதை ஆங்கில நூல் சொல்லித் தராது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. மாற்கு 4:38, படகில் புயல். சீஷர்கள் இயேசுவை எழுப்பி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள். கிரேக்கத்தில் 'நாம்', 'நாங்கள்' என்ற பிரிவே கிடையாது. தமிழில் ஏதாவது ஒன்றை எழுதியே ஆகவேண்டும். 'நாம்' என்று எழுதினால் அதே படகில் இருக்கும் இயேசுவும் மூழ்கப் போகிறார் என்று சீஷர்கள் நினைத்ததாக ஆகும், 'நாங்கள்' என்றால் அவரை அந்தச் சாவுக்கு வெளியே வைக்கிறார்கள். மொழிபெயர்த்தவர்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். நாம் கையில் வைத்திருக்கும் வேதாகமமே ஒரு விளக்கம்தான் என்பது எனக்கு உறைத்த இடம் அது. அதனால் எந்த நூல் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பழைய மொழிபெயர்ப்பு ஒன்றையும் 1995-இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தை நோட்டில் குறியுங்கள், உங்கள் நல்ல கேள்விகளில் பாதி அங்கேதான் பிறக்கும்.

ஐந்தாம் படி: எப்போது சிறப்பு நூலுக்குப் போவது

அறிமுக நூலை முடித்தபின், ஒரே விஷயத்தைப் பற்றிய கேள்வி நோட்டில் மூன்று, நான்கு முறை வந்திருந்தால், அந்த விஷயத்துக்கு ஒரு நூல். உதாரணமாக உவமைகள். நல்ல சமாரியன் கதையில் அடிபட்டவன் ஆதாம், சத்திரம் சபை, சத்திரக்காரர் பவுல் என்று அகஸ்டின் விளக்கியதை நம் பிரசங்கங்களில் இன்றும் கேட்கிறோம். 1888-இல் யூலிஷர் என்ற ஜெர்மன் அறிஞர், இந்த உருவக விளக்கமெல்லாம் வேண்டாம், ஒரு உவமைக்கு ஒரே ஒரு கருத்துதான் என்று வாதாடினார். நூறு வருஷம் கழித்து கிரெய்க் பிளாம்பர்க் போன்றவர்கள், கதையில் வரும் முக்கியப் பாத்திரம் ஒவ்வொருவரோடும் ஒரு கருத்து சேர்ந்திருக்கலாமே என்று கேட்டார்கள். அறிமுக நூல் இதில் ஒரு முடிவை மட்டும் சொல்லும், சண்டையைக் காட்டாது. அந்தச் சண்டையைப் பார்த்தால்தான் அகஸ்டின் ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் புரியும், அவரை மட்டமாகப் பேசவும் மனம் வராது.

சொல் ஆராய்ச்சி இன்னொரு இடம். இதில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். 'துனாமிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்துதான் டைனமைட் வந்தது, ஆகவே தேவனுடைய வல்லமை டைனமைட் போன்றது என்று கேட்டிருப்பீர்கள். டைனமைட்டை நோபல் உருவாக்கியது 1867-இல். ரோமருக்கு எழுதும்போது பவுல் மனதில் அது எப்படி இருக்கும்? 'அகாப்பே' என்றால் தெய்வீக அன்பு மட்டுமே என்பதும் அப்படித்தான். 2 தீமோத்தேயு 4:10-இல் தேமா "இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து" பவுலை விட்டுப் போனான் என்ற இடத்தில் வரும் வினைச்சொல் அதே அகாப்பேயின் வினைச்சொல்தான். தமிழில் 'ஆசைவைத்து' என்று சரியாகவே போட்டிருக்கிறார்கள். சொல்லின் வேரை வைத்துப் பொருள் சொல்லும் இந்தப் பழக்கத்தை 1961-இலேயே ஜேம்ஸ் பார் என்ற வேதாகம அறிஞர் கடுமையாக எதிர்த்து எழுதிவிட்டார். ஸ்ட்ராங் எண் போட்ட அகராதி 1890-இல் வந்தது, செல்போனில் இலவசமாகவும் இருக்கிறது, ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேட அருமையான கருவி. ஆனால் அதில் வரிசையாகக் கொடுத்திருக்கும் பொருள்களில் நமக்குப் பிடித்ததை எடுத்து வசனத்தில் ஒட்டுவது ஆராய்ச்சி ஆகாது. இந்த விஷயத்துக்காகவே முன்னே சொன்ன கார்சனின் சிறு நூலை, கொஞ்சம் கிரேக்கம் படித்த பிறகு எடுங்கள்.

யார் எங்கிருந்து வாசிக்கிறார்கள் என்ற கேள்வியும் வரும், நம் ஊரில் கட்டாயம் வரும். சாதியால் ஒதுக்கப்பட்ட தெருவில் உட்கார்ந்து யாத்திராகமம் வாசிப்பவருக்கும் ஊர் நடுவில் வாசிப்பவருக்கும் ஒரே வசனம் ஒரே மாதிரி கேட்காது. இலங்கையில் பிறந்த ஆர்.எஸ். சுகிர்தராஜா தொகுத்து 1991-இல் வந்த 'வாய்சஸ் ஃப்ரம் தி மார்ஜின்' மூன்றாம் உலகத்தவர் வேதாகமத்தை வாசித்த கட்டுரைகளைச் சேர்த்துத் தருகிறது. கட்டுரைத் தொகுப்பு என்பதால் முழுவதும் படிக்க வேண்டிய அவசியமில்லை, ஒன்றிரண்டு கட்டுரையே போதும். முதலாவதாக இதை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது நோக்கு பிடிக்காததால் அல்ல. இந்தக் கட்டுரைகள் எதிர்த்துப் பேசும் பழைய முறை என்னவென்று தெரிந்தால்தான் அவற்றின் வலு தெரியும்.

பணம், நூலகம், இலவச நூல்கள்

மேத்யூ ஹென்றியின் விளக்கவுரை இலவசமாகக் கிடைப்பதால் பலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். பக்திக்கு அது இன்றும் பொக்கிஷம். ஆனால் அவர் இறந்தது 1714-இல், அப்போஸ்தலர் நடபடிகள் வரை அவர் எழுதியது, மிச்சத்தை மற்றவர்கள் முடித்தார்கள். சவக்கடல் சுருள்கள் கிடைக்கத் தொடங்கியது 1947-இல். ஆகவே வரலாறு, மூலப்பிரதி பற்றிய கேள்விக்கு அவரிடம் பதில் தேடாதீர்கள்.

சிறப்பு நூல்கள் விலை அதிகம், ஒரு கேள்விக்காக வாங்குவது வீண். பக்கத்தில் இறையியல் கல்லூரி இருந்தால் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அனுமதி கேளுங்கள்; உங்கள் போதகர் ஒரு கடிதம் கொடுத்தால் வேலை சுலபமாகும். போதகர் படித்த காலத்துப் புத்தகங்கள் அவர் வீட்டிலேயே இருக்கும், அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம், கேட்டால் அவர் சந்தோஷப்படத்தான் செய்வார். வாங்குவதென்றால் அறிமுக நூலை மட்டும் வாங்குங்கள், அதில் கோடு போட வேண்டியிருக்கும். விளக்கவுரையில் முழுத் தொகுதி வாங்காமல், நீங்கள் இப்போது படிக்கும் வேதப் புத்தகத்துக்கு மட்டும் ஒன்று. ஒரே தொடரில்கூட எழுதியவரைப் பொறுத்துத் தரம் ஏறும் இறங்கும்.

இந்த மாதம் என்ன செய்யலாம்

பிலிப்பியரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு அதிகாரம், 104 வசனம், ஒரே மூச்சில் வாசிக்கலாம். முதல் வாரம் தினமும் முழு நிருபத்தையும் வாசியுங்கள், ஒரு நாள் பழைய மொழிபெயர்ப்பு, மறுநாள் திருவிவிலியம். இரண்டாம் வாரம் அறிமுக நூலில் நிருபங்களைப் பற்றிய அதிகாரத்தைப் படியுங்கள். மூன்றாம் வாரம் மறுபடியும் நிருபம், இந்தத் தடவை பவுல் எங்கே இருந்து எழுதுகிறார், யார் பணம் அனுப்பியது, யாருக்குள் மனஸ்தாபம் என்று நிருபத்துக்குள்ளேயே கிடைக்கும் தடயங்களைக் குறித்துக்கொண்டு. 4:13-க்கு வரும்போது, "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதற்கு முன்னால் 11, 12 வசனங்களைக் கையால் எழுதிப் பாருங்கள். அந்த 'எல்லாவற்றையும்' எதையெல்லாம் குறிக்கிறது என்று நீங்களே ஒரு வரி எழுதுங்கள். நான்காம் வாரம், அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய், பிலிப்பியருக்கு உள்ள விளக்கவுரைகளில் இரண்டை எடுத்து அந்த வசனத்தைத் திருப்புங்கள்.